தாராவிக் குழாயடியில் ஒரு முன்னுரை

மும்பைக்குச் செல்பவர்கள் கடலையும் பெருங்கட்டடங்களையும் கண்டு வருவார்கள். நான் சென்றது முப்பத்தாறு பக்க முன்னுரை ஒன்றுக்கு ஒப்புதல் பெற. பயணம் எட்டு நாள். கடலை ஒரே ஒரு முறை, அதுவும் வாடகைக் காரின் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

பேராசிரியை செண்பகவல்லி தாராவியில் பிறந்து, சமூகவியல் கற்பித்து, ஓய்வுபெற்றுச் செம்பூரில் வாழ்பவர். வரிசையில் நிற்கும் மக்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலை ஆறாண்டுகள் உழைத்துத் தமிழாக்கினேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராகப் பணியாற்றியபோது, ஒரு வண்டி புறப்பட்டு அடுத்த வண்டி வரும் வரை கிடைத்த இடைவெளிகளில் அகராதியைத் துணைக்கொண்டு ஆங்கிலம் கற்றேன்.

அவருடைய கொள்கை எளிமையானது. நடுவர் ஒருவர் இல்லாத இடத்தில்தான் மக்கள் நீதியைத் தாமே கண்டுபிடிக்கிறார்கள். ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் நிற்பவரின் உரிமையைக் காப்பதால்தான் வரிசை குலையாமல் நிற்கிறது என்பார் அவர். இந்தச் சிந்தனை அவருக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு விடை கூறுவதே என் முன்னுரை.

அவருடைய பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்தவர். அதிலும் எங்கள் ஊர்ப் பெரிய குளத்தில் பாசனம் பெறும் கீழூரைச் சேர்ந்தவர்கள். செய்தித்தாளில் அதைப் படித்த நாளில்தான் அவருடைய நூலைத் தேடி வாங்கினேன். எங்கள் பக்கத்துக் குளங்களில் நீர்பாய்ச்சி என்றொருவர் உண்டு. மடையைத் திறந்து, வயல் யாருடையது என்று பாராமல், வரிசைப்படி எல்லாவற்றுக்கும் நீர் விடுவது அவர் பணி. அந்த நடுநிலையே பேராசிரியையின் குருதியில் கலந்து கொள்கையாக மலர்ந்தது என்று எழுதியிருந்தேன். நடுவரே வேண்டாம் என்று கூறும் நூலுக்கு ஒரு நடுவர் எப்படி மூலமாக முடியும் என்ற ஐயம் எனக்கும் எழுந்தது. 'அந்த நடுவர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் குடியேறிவிட்டார்' என்று ஒரு வாக்கியம் எழுதி அந்த ஐயத்தைக் கடந்தேன். என் தகப்பனாரும் நீர்பாய்ச்சியாக இருந்தவரே. தற்புகழ்ச்சியாகிவிடும் என்பதால் அதை முன்னுரையில் குறிப்பிடவில்லை.

முன்னுரையை அனுப்பியதும் பேராசிரியையிடமிருந்து இரண்டே வரியில் மறுமொழி வந்தது. 'மொழிபெயர்ப்பு நன்று எனக் கேள்விப்பட்டேன், முன்னுரையைப் பற்றி நேரில் பேசலாம், வருவதற்கு முன் தாராவியில் என் அக்காவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.' பேராசிரியை சம்மதிக்காவிட்டால் முன்னுரை இல்லாமலேயே அச்சிட்டுவிடுவதாகப் பதிப்பாளர் கூறினார். ஆறாண்டு உழைப்பில் என் சொந்தச் சொல் என்று காட்டுவதற்கு இருந்தவை அந்த முப்பத்தாறு பக்கங்கள் மட்டுமே. அவற்றைக் கைப்பையில் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு தாதரில் இறங்கினேன்.

இறங்கியவுடனேயே முதல் இடர் நேர்ந்தது. அடுத்த நிலையம் மாட்டுங்கா என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். வந்து நின்ற மின்ரயிலில் ஏறினேன் என்று சொல்வது பிழை, ஏற்றப்பட்டேன். பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவர் என் கையிலிருந்த சீட்டைப் படித்துவிட்டு இந்தியில் சொன்னார்: "தாத்தா, இது விரைவு வண்டி. மாட்டுங்கா வலப்பக்கம் வரும். பார்த்துக் கும்பிட்டுக்கொள்ளுங்கள்." அவ்வாறே வந்தது, கும்பிடுவதற்குள் போய்விட்டது. நான் ஒரு விசில் ஊதினால் கிளம்பிய பேருந்தும் நிற்கும் ஊரிலிருந்து வந்தவன் நான். இங்கே குர்லா வரை என்னால் எதையும் நிறுத்த முடியவில்லை.

திரும்பி வந்து மாட்டுங்காவில் இறங்கியபோது ராமநாதன் படிக்கட்டருகே நின்றிருந்தார். பாலக்காட்டு மூலம், மும்பையில் பிறந்தவர், காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். மாட்டுங்காவில் ஒரு வாசகர் வட்டத்தை நடத்துபவர். எனக்கும் அவருக்கும் பல்லாண்டுக் கடிதப் பழக்கம்.

"வாங்கோ வாங்கோ. குர்லா பாத்தாச்சா? மெட்ராஸ்லேர்ந்து வரவா எல்லாரும் மொதல்ல அங்கதான் போவா."

"நான் மதராசிலிருந்து வரவில்லை, திருநெல்வேலிப் பக்கம்."

"இங்க எல்லாம் ஒண்ணாக்கும் ஸார்."

பெட்டியை அவருடைய வீட்டில் வைத்துவிட்டுச் சிற்றுண்டிச் சாலைக்குச் சென்றோம். ரசத்தில் மிதக்கும் இட்லியை அங்கேதான் முதன்முறையாக உண்டேன். எங்கள் ஊரில் காய்ச்சல்காரருக்குக்கூட இப்படிக் கொடுப்பதில்லை என்று எண்ணியபடியே இரண்டாவது கிண்ணமும் கேட்டேன். என் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு முன்பின் அறியாத ஒருவர் நின்றார். நான் எழுந்தால் அவர் அமர்வார். அதுதான் அவ்விடத்து வழக்கமாம்.

"அவரைத் திரும்பிப் பாக்காதேங்கோ," என்றார் ராமநாதன் தாழ்ந்த குரலில். "பாத்தேள்னா, தான் அவசரப்படுத்தறோமோன்னு அவருக்குச் சங்கடமாயிடும்."

காப்பி குடித்துக்கொண்டே முன்னுரையின் சாரத்தை அவருக்குச் சொன்னேன். காப்பியை ஆற்றியவாறு கேட்டவர், "எங்க தாத்தா கல்யாணச் சமையல்காரர். நான் முப்பது வருஷம் பாலிசி எழுதினேன். எனக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாது. அப்போ எனக்கு எது பாரம்பரியம்? சொல்லுங்கோ" என்றார்.

"நீங்கள் கொள்கை எதையும் வகுக்கவில்லையே," என்றேன் சற்று மிடுக்காக.

"அதுவும் சரிதான். வகுத்திருந்தா உப்பு கொறச்சலாத்தான் இருந்திருக்கும்."

மறுநாள் தாராவி. பேராசிரியையின் அக்கா பேச்சியம்மாள் வீட்டிலேயே இட்லி அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். காலை ஐந்தரைக்கு வந்தால்தான் பார்க்க முடியும், அதுதான் தண்ணீர் வரும் நேரம் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். ராமநாதன் வாடகைக் காரில் தொண்ணூறடிச் சாலை வரை கொண்டுவந்து விட்டுவிட்டு நடைப்பயிற்சிக்குப் போய்விட்டார்.

இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டிய சந்து அது. அதன் முனையில் ஒரு பொதுக் குழாய். அதில் மாட்டிய பச்சை நிற ரப்பர்க் குழல். குழாயிலிருந்து சந்தின் உள்ளே குடங்களும் டிரம்களும் வண்ண வாளிகளும் வரிசையாக அமர்ந்திருந்தன. மனிதர் ஒருவரும் இல்லை. வீடுகளுக்குள் பாத்திர ஓசையும் மூன்று மொழிகளில் பேச்சும் கேட்டன.

பேச்சியம்மாள் எழுபதை நெருங்கியவர். இட்லித் துணியைத் தோளில் போட்டிருந்தார். "வாங்க அண்ணாச்சி. ஊர்ல மழையா? செத்த இங்ஙனயே நில்லுங்க, ஈடு வெந்துட்டு, எறக்கி வச்சிட்டு ஓடியாந்திருதேன்" என்று உள்ளே போனார்.

அவர் போன அதே கணத்தில் தண்ணீர் வந்தது. குழல் பாம்பு போல எழுந்து சந்து முழுவதும் நீரை வாரி அடித்தது. நான் அதற்கு முன் ஒருபோதும் அறியாத ஓர் உறுதியுடன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழலைப் பிடித்தேன். முதல் குடத்தில் முக்கால் அளவு விட்டேன். இரண்டாவதிலும் முக்கால், மூன்றாவதிலும் அவ்வாறே. தண்ணீர் எந்நேரம் நிற்குமோ, கடைசிப் பாத்திரத்துக்கும் சென்று சேர வேண்டாமா? பெரிய டிரம் ஒன்று வழியை மறித்ததால் அதை ஓரமாக நகர்த்தி வைத்தேன். ஏழு பாத்திரம் ஆயிற்று. மனம் பெருமிதத்தால் நிறைந்திருந்தது.

"ஏ தாத்தா! யாரு ஒங்கள இங்க வச்சா?"

நிமிர்ந்தேன். ஐந்தாறு பெண்கள் வாசற்படிகளில் நின்றிருந்தார்கள். கேட்டவர் இடுப்பில் கை வைத்திருந்த ஓர் இளம் தாய்.

"எவரும் வைக்கவில்லை அம்மா. எல்லாருக்கும் சமமாக விடுகிறேன்."

"சமமாவா? எங்க வீட்டுல எட்டுப் பேரு. அந்தா அந்த வீட்டுல ரெண்டு பேரு. ரெண்டு வீட்டுக்கும் முக்காக் கொடமா? நல்லாருக்கே ஒங்க கணக்கு!"

எதிர்வீட்டு மராட்டியப் பெண்மணி நகர்த்தப்பட்ட டிரம்மைக் கட்டிக்கொண்டு பெருங்குரலில் ஏதோ முழங்கினார். பின்னர் மொழிபெயர்த்துச் சொன்னார்கள்: "நாலு மணிக்கு எழுந்து இடம் போட்டது நான். இந்தக் கிழவர் எந்தக் கட்சியிலிருந்து வந்திருக்கிறார்?"

"டெய்லி வாராரா, இன்னைக்கு மட்டுமா?" என்று இன்னொரு குரல். சந்து முழுவதும் சிரிப்பு.

பேச்சியம்மாள் ஓடிவந்து குழலை என் கையிலிருந்து வாங்கி இளம் தாயிடம் கொடுத்தார். "அரே, விடுங்கட்டி. நம்ம ஊர்க்காரரு. டென்ஷன் மத் லோ, கோவப்படாதிய." பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன அண்ணாச்சி செஞ்சு வச்சிட்டிய! முன்னால இருக்க கொடத்துக்காரி வரலன்னா, பின்னால உள்ளவதான் அதை நெறைக்கணும். நெறச்சு எடுத்து வச்சிட்டுத்தான் தன் கொடத்தை நவுத்தணும். அதான் இங்க சட்டம். ஒவ்வொருத்திக்கும் முன்னாடி உள்ள கொடம்தான் பொறுப்பு" என்றார்.

"குழாயருகில் நேர்மையான ஒருவரை நிறுத்தினால் எளிதல்லவா?"

"நிறுத்துனோமே ஒருக்கா. ஒரு மாசத்துல அவரு வீட்டு வாசல்ல மட்டும் மூணு டிரம் நின்னுச்சு."

உள்ளே அமரவைத்து, ஆவி பறக்கும் இட்லியும் காரமான தேங்காய்த் துவையலும் வைத்தார். என் வேட்டியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. முன்னுரையைப் பற்றி எவ்வாறு பேச்செடுப்பது என்று நான் எண்ணிக்கொண்டிருக்கையில் அவரே தொடங்கினார்.

"ஒங்க முன்னுரைய நான்தான் அவளுக்கு வாசிச்சேன் அண்ணாச்சி. அவளுக்குத் தமிழ் எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வரும், இங்கிலீசுலயே படிச்சவ. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல அஞ்சாப்பு. போன்ல மூணு நாளு வாசிச்சேன். நாக்கு வறண்டு போச்சு. எம்மாம் பெரிய பெரிய வார்த்தை!"

"தங்கள் இருவரின் கருத்து?"

"நீர்பாய்ச்சி வார எடத்துல சிரிச்சோம். நல்லாச் சிரிச்சோம். ஒங்க ஊரு எது, மேலூரா?"

"ஆம்."

"அதான! தண்ணி ஒங்க ஊரத் தாண்டித்தான எங்க வயலுக்கு வரணும். எங்க அம்மா வாரத்துக்குப் பயிர் வச்சது கடைசி மடை வயலு. அங்ஙன வரும்போதுதான் நீர்பாய்ச்சிக்குத் தூக்கம் வருமாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அவரை நம்பாம, கடமடைப் பொம்பளைய நாலு பேரு வரப்புல போய் உக்காந்துக்கிடுவாளுவளாம். முன்வயக்காரி வரலன்னா பின்வயக்காரி அதை நெறச்சுட்டுத்தான் தன் வயலுக்கு வெட்டணும். அப்பத்தான் நாளைக்கு இவ இல்லன்னாலும் இவ வயலு காயாது. அந்தப் பேச்சைத்தான் அம்மா இந்தச் சந்துக்குக் கொண்டாந்தா. மொதல்ல இங்க தெனமும் அடிதடி."

இட்லி என் கையிலேயே நின்றுவிட்டது. ஆக, பேராசிரியையின் சிந்தனைக்கு மூலம் எங்கள் குளமேதான். அதில் நான் பிழைபடவில்லை. ஆனால் நான் நின்று பார்த்த முனையிலிருந்து அது பிறக்கவில்லை. மறு முனையிலிருந்து பிறந்திருந்தது.

மறைப்பது முறையல்ல என்று தோன்றியது. "என் தகப்பனார் நீர்பாய்ச்சியாக இருந்தவர்," என்றேன்.

பேச்சியம்மாள் என்னையே பார்த்தார். பிறகு வாயைத் துணியால் பொத்திக்கொண்டார். "அந்த ரப்பர் பைப்பைப் பிடிச்ச பிடியிலேயே எனக்கு ஒரு சம்சயம்." உடனே முகம் மாறி, "தப்பா எடுக்காதிய அண்ணாச்சி. ஒங்க அப்பாவைச் சொல்லல. அது வேற யாராவது இருக்கும்" என்றார்.

"எங்கள் குளத்துக்கு அந்நாளில் நீர்பாய்ச்சி அவர் ஒருவர்தாம்."

பேச்சியம்மாள் அடுப்பைத் தணித்தார். பின் அவர் என் தட்டில் இன்னும் இரண்டு இட்லியை வைத்து, "மேல இருந்து கீழ வார வரைக்கும் அந்த மனுசனும் நின்னுக்கிட்டேதான இருந்திருப்பாரு. தூக்கம் வராம என்ன செய்யும்?" என்றார்.

அன்று பகல் முழுவதும் மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பு வழியாக நடந்தேன். தகப்பனார் சேறு காய்ந்த காலோடு விடியலில் வீடு திரும்பி, முற்றத்திலேயே படுத்து உறங்கியதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கடைசி வயல்வரை போய்விட்டு வந்தாரா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் மகனாகிய நான் முப்பதாண்டுகள் விசில் ஊதி, எந்த வண்டி எப்போது புறப்படலாம் என்று ஆணையிட்டேன். பிறகு நீதியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். என் பேனாவிலிருந்து ஒரு நடுவர் இறங்கி வந்தார். பேராசிரியையின் பாரம்பரியம் என்று தலைப்பிட்டு முப்பத்தாறு பக்கம் என் பாரம்பரியத்தையே எழுதியிருக்கிறேன். இதை எண்ணி ஓரிடத்தில் நான் உரக்கச் சிரித்திருக்க வேண்டும். வடாபாவ் விற்றவர் கேளாமலே ஒன்றைப் பொட்டலம் கட்டி நீட்டினார்.

செம்பூருக்கு ஞாயிறன்று போனேன். இம்முறை குர்லாவில் வேண்டுமென்றே இறங்கி வண்டி மாறினேன். பழைய நண்பரைச் சந்தித்ததுபோல் இருந்தது. பேராசிரியை ஒல்லியானவர், நரைத்த குட்டை முடி. கதவைத் திறந்ததும், "வாங்க அண்ணாச்சி. ஹோஸ் பைப்போட வருவியன்னு நெனச்சேன்" என்றார். அக்கா எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தார்.

முந்தைய நாள் மீன்குழம்பும் சூடான பாவ் ரொட்டியும் வைத்தார். ஊறிய ரொட்டியை உண்பதற்குத் தனித்திறமை வேண்டும். என் சட்டைக்கு அது வாய்க்கவில்லை. உணவுக்குப் பின் கைப்பையைத் திறந்து பக்கங்களை வெளியே எடுத்தபடி கேட்டேன்: "அம்மையீர், ஒருவரின் பிறப்பு அவருடைய சிந்தனையைத் தீர்மானிக்கிறதா?"

"தீர்மானிக்கிதுன்னு சொல்ல மாட்டேன். எங்க உக்காந்து பாக்கோம்ங்கிறதை அது முடிவு பண்ணுது. அப்புறம் எந்திரிச்சு எடம் மாறி உக்காரலாம்லா? எங்க அம்மா கடைசி வரப்புலதான் ஆரம்பிச்சா. ஆனா தாராவியில அவளுக்கு முன்னாடி நின்ன குடம் ஒரு மராட்டிக்காரியோடது. சட்டம் எங்க அம்மாவோடது. அதைக் காப்பாத்துன கெட்ட வார்த்தை முழுக்க அந்த அம்மாவோடது. என் புஸ்தகத்துல ரெண்டும் இருக்கு. ஒங்க முன்னுரையில அந்த மராட்டிக்காரி எங்க, அண்ணாச்சி?"

பக்கங்களை மீண்டும் பைக்குள் வைக்கப் போனேன். "முன்னுரை இல்லாமலேயே அச்சிடச் சொல்லிவிடுகிறேன்."

"நான் எப்போ வேண்டாம்னேன்? பிடிக்கலன்னா ஒரு போஸ்ட்கார்டுல நோ சொல்லியிருப்பேனே. அக்காவைப் பாருங்கன்னு எதுக்கு எழுதினேன்? புதுசா எழுதுங்க. அக்கா வாசிக்கட்டும், நான் கேக்கேன். போன தடவை நீங்க சீரியஸா எழுதின எடத்துல சிரிச்சோம். இந்தத் தடவை நீங்க சிரிக்கணும்னு எழுதின எடத்துல அவ சிரிச்சாப் போதும். அச்சுக்குக் கொடுத்திருங்க."

மூன்று நாள்கள் ராமநாதனின் பால்கனியில் அமர்ந்து எழுதினேன். பால்காரர், பூக்காரர், கீழ்வீட்டுச் சங்கீத வகுப்பு ஆகிய அனைத்தையும் தாண்டி நான்கு பக்கம் வந்தது. குழலைப் பிடித்த விடியலிலிருந்து தொடங்கினேன். தகப்பனாரின் பெயரையும் தொழிலையும் இம்முறை எழுதினேன்.

"நாலே பக்கமா?" என்றார் ராமநாதன். "பாக்கி முப்பத்திரண்டு எங்க போச்சு?"

"குர்லாவுக்கு," என்றேன்.

புறப்படும் நாள் காலை ஐந்தரைக்கு மீண்டும் அந்தச் சந்து. பேச்சியம்மாள் தாள்களை வாங்கிக்கொண்டு, தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கியபடி உள்ளே போனார். நான் ரயிலுக்கென்று வாங்கிய இரண்டு லிட்டர் பாட்டிலை வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு அதன் பின்னால் நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. மராட்டியப் பெண்மணி மட்டும் தம் டிரம்மின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

தண்ணீர் வந்தது. அதன் இரைச்சலில் உள்ளே வாசிக்கும் குரல் முணுமுணுப்பாக மட்டுமே கேட்டது. எனக்கு முன்னால் இருந்த நீலக் குடத்தின் உரிமையாளர் வரவில்லை. குழல் என் கைக்கு வந்தபோது அந்தக் குடத்தைக் கழுத்து வரை நிறைத்தேன், முக்கால் அல்ல. தூக்கி ஓரமாக வைத்துவிட்டு என் காலிப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறக்கும் நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்பொலி எழுந்தது. எந்த இடத்துக்குச் சிரிக்கிறார்? என்னால் நிற்க முடியவில்லை. பாட்டிலை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

பேச்சியம்மாள் தாளைக் கண்ணருகே பிடித்திருந்தார், கண்ணில் நீர். "'எல்லாருக்கும் சமமாக விடுகிறேன் அம்மா'ன்னு சொன்னாராம்... கேக்கியாட்டி?" தொலைபேசியினுள்ளும் ஒரு சிரிப்பு கேட்டது. என்னைக் கண்டதும் அவர் கையசைத்தார். "போங்க அண்ணாச்சி, லைன்ல நில்லுங்க. இன்னும் ஒரு பக்கம் இருக்கு."

திரும்பி ஓடினேன். தண்ணீர் நின்றுவிட்டிருந்தது, குழல் சுருண்டு கிடந்தது. என் பாட்டில் கழுத்து வரை நிறைந்து, மூடி இறுகத் திருகப்பட்டு, சுவரோரமாக நீலக் குடத்தின் பக்கத்தில் நின்றது. எனக்குப் பின்னால் யார் வந்து நின்றார்கள் என்று நான் பார்த்திருக்கவில்லை. சந்தில் அப்போது எவரும் இல்லை.